மாப்பிள்ளை பிடித்த சைலன்சர்

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. அதிலும் கடைசி வருஷம் பள்ளிக்கூடத்தைவிட வயலில்தான் அதிகம் நின்றேன். ஆனால் பழைய டிராக்டருக்கு சைலன்சர் நிறுத்துவதில் என்னை மிஞ்ச நன்னிலம் வட்டாரத்தில் அன்றைக்கும் ஆள் கிடையாது, இன்றைக்கும் கிடையாது.

நான் வாங்கும்போதே வண்டி பல கை மாறியிருந்தது. பானெட்டுக்கு மேலே நெட்டுக்குத்தாக நிற்கும் புகைக்குழாய், அடியில் மரை தேய்ந்து தள்ளாடியது. பானெட் தகட்டோடு சேர்த்து வெல்டு வைத்துவிடலாம் என்றார் பட்டறைக்காரர். நான் விடவில்லை. தகடு ஒரு மாதிரி அதிரும், இன்ஜின் ஒரு மாதிரி அதிரும். நடுவில் மாட்டிய குழாய் விரிசல் விட்டுவிடும். இன்ஜினோடு சேர்ந்து ஆடுகிற சாமானை இன்ஜினிலிருந்துதான் தாங்க வேண்டும். அதனால் இன்ஜின் பக்கவாட்டு போல்ட்டிலிருந்து பட்டை இரும்பு ஒன்றை வளைத்து மேலே ஏற்றி, அதன் நுனியில் யு கிளாம்ப் போட்டுக் குழாயின் இடுப்பைப் பிடித்தேன். அதற்கப்புறம் எத்தனை குறுவை, எத்தனை சம்பா! குழாய் சாயவில்லை.

அந்த வண்டியில் உழுது சம்பாதித்துத்தான் மகளுக்குக் கல்யாணம் வைத்தேன். வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டுக்கு விமானம் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. மாப்பிள்ளைக்கு சிங்கப்பூரில் கப்பல் கட்டும் இடத்தில் வேலை. லீவு சொற்பம். இந்த முகூர்த்தம் தவறினால் மறுபடி அவர் ஊருக்கு வர இரண்டு வருஷம் ஆகும்.

மாப்பிள்ளை அழைப்புக்குக் கார் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முன்னால் வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, கோயிலிலிருந்து என் டிராக்டரிலேயே அழைத்து வந்தேன். ஓட்டியதும் நான்தான். என் வண்டியை அடுத்தவர் கையில் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை. மாப்பிள்ளை பக்கத்து மட்கார்டில் உட்கார்ந்திருந்தார். பின்னால் டிரெய்லரில் உறவுக்காரர்கள், மைக்செட், பாட்டு.

வாய்க்கால் கரையில் ஒரு பள்ளம். வண்டி தூக்கிப் போட்டது. எதிரே நின்ற குழாய் அப்படியே என் முகத்தைப் பார்த்துச் சாய்ந்தது. எனக்கு ஸ்டீயரிங்கை விட்டுக் கை வரவில்லை. பட்டுச்சட்டை போட்ட இரண்டு கைகள் குறுக்கே வந்தன. கொதிக்கிற குழாயை வெறுங்கையால் ஏந்தி, வாய்க்கால் பக்கம் தள்ளின. தண்ணீரில் அது சுர்ரென்று இறங்கியது.

குழாய் போன ஓட்டை வழியாக இன்ஜின் அலறியது. நெருப்பு எட்டிப் பார்த்தது. வண்டியை அணைத்தேன். பின்னால் பாட்டு மட்டும் ஒன்றும் தெரியாததுபோல் ஓடிக்கொண்டே இருந்தது.

மாப்பிள்ளையின் உள்ளங்கைகள் வெந்து வெளுத்திருந்தன. வண்டியில் கட்டிய வாழையிலிருந்தே குருத்தை உருவிச் சுற்றினார்கள். நான் இன்ஜினைப் பார்த்தேன். பட்டை இரும்பு வைத்த இடத்தில் இருந்தது, கிளாம்பைக் காணோம். திரும்பிப் பார்த்தால், டிரெய்லர் கம்பியில் ஒலிபெருக்கியைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறது என் கிளாம்ப்.

மைக்செட்காரருக்கு வியர்த்துக் கொட்டியது. "கொழாதான் நல்லா நிக்குதேண்ணே, அதுக்கு எதுக்கு இன்னொரு பிடின்னு கழட்டிட்டேன்" என்றார்.

எனக்குக் கை ஓங்கக்கூட வரவில்லை. பிடி இருப்பதே தேவையில்லை என்று நினைக்கும்படி அவ்வளவு சுத்தமாக நிறுத்தியிருந்தேனே!

அதற்குள் மாப்பிள்ளையின் தாயார் ஆரம்பித்துவிட்டார். சகுனம் சரியில்லை, அடுத்த லீவில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். பந்தலில் மருதாணி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெண்ணிடம் இதை யார் போய்ச் சொல்வது?

மாப்பிள்ளைதான் வாயைத் திறந்தார். "நான் புடிக்கலேன்னா மாமா மூஞ்சி போயிருக்கும்மா. அப்பறம் நாளைக்கு யாரு தாரை வாத்துக் குடுக்கறது? பேசாம வா."

அந்த அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பந்தலைப் பார்த்து நடந்தார்.

மறுநாள் மணவறையில், தாலியின் முதல் முடிச்சை விரல் நுனியால் அவர் போட்டால் போதும், மற்றதை நாத்தனார் பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிவானது. அதற்கு முன்னால் தாரை வார்க்க வேண்டும். மாப்பிள்ளை வாழைக் குருத்தை விலக்கிவிட்டுக் கைகளை நீட்டினார். என் முகத்துக்கு வந்தது அந்தக் கைகளில் கொப்புளமாக நின்றது. செம்பைச் சாய்த்தேன். எந்தச் சேற்றிலும் ஸ்டீயரிங்கை ஆடவிடாத கை, தண்ணீரைத் தாறுமாறாகக் கொட்டியது.

"மெதுவா ஊத்துங்க மாமா," என்றார் எனக்கு மட்டும் கேட்கும்படி, "எரியுது."