பஞ்ச் அவுட் இல்லாத பதினேழு வருஷம்

ஒரு மணி நேரம் என்ன விலை என்று என்னைக் கேட்டால் சொல்வேன். ஓசூர் தொழிற்பேட்டையில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் டைம் ஆபீஸில் இருபது வருடமாக எனக்கு அதுதான் பிழைப்பு. உள்ளே வருகிறவன் மெஷினில் முகத்தைக் காட்டுகிறான், அது அவனைப் பிடித்துக்கொள்கிறது; அது பஞ்ச் இன். போகும்போது மறுபடி காட்டுகிறான், விட்டுவிடுகிறது; அது பஞ்ச் அவுட். நடுவில் கிடப்பதெல்லாம் காசு. எட்டு மணி நேரத்துக்கு மேல் நிறுத்திவைத்தால் ஓ.டி., இரட்டைச் சம்பளம். ராத்திரி ஷிப்டுக்கு ஒரு படி. உலைக்கு முன்னால் நிற்பவனுக்கு வெக்கைக்கு ஒரு படி. மனிதன் படுகிற பாட்டை இத்தனை துண்டாக நறுக்கி, ஒவ்வொன்றின் மேலும் விலை ஒட்டத் தெரிந்த ஊர் இது. இந்த ஊரில்தான் என் தம்பியின் பதினேழு வருடத்தை சைபர் என்று ஒருவர் எழுதினார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆற வைக்கிற உத்தேசமும் இல்லை.

தம்பி பட்டாளத்தில் வண்டி மெக்கானிக். போன வருடம் லீவில் வந்தவனை, குருபரப்பள்ளி வீட்டில் பையை இறக்கி வைக்கக்கூட விடாமல் அவன் மனைவி பிடித்துக்கொண்டாள். அவள் கர்நாடக எல்லையோரத் தளிக்காரி. பாதிக் கன்னடம், பாதித் தமிழ், முழுக் கோபம்.

"பொண்ணு பத்தாவது வந்துட்டா. அவ பொறந்தப்பவும் நீங்க இல்ல, வயசுக்கு வந்தப்பவும் இல்ல. இந்த வருசம் எழுதிக் குடுத்துட்டு வந்துடுங்க. இல்லன்னா அடுத்த லீவுக்கு வேற வீடு பாத்துக்குங்க."

பென்ஷன் கிடைக்கும் அளவுக்குச் சேவை முடிந்திருந்தது. விலகுவதாக எழுதிக் கொடுத்தால் வெளியே வரலாம். ஆனால் அந்தப் பென்ஷனை மட்டும் நம்பிக் குடும்பம் ஓடாது. கையில் ஒரு வேலை உறுதியானால் எழுதிக் கொடுக்கிறேன் என்றான். எங்கள் கம்பெனியில் சொல்லி வைத்தவள் நான்தான்.

மெயின்டனன்ஸ் ஃபோர்மேன் அவனை ஒரு கம்ப்ரஸர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். மூன்று நாளாக இருமிக்கொண்டிருந்த கம்ப்ரஸர். தம்பி அதன் மேல் கை வைத்து, கொஞ்ச நேரம் சும்மா கேட்டான். ஜுரம் வந்த மாட்டைத் தொட்டுப் பார்க்கிற கை அது. பிறகு ஒரு வால்வைக் கழற்றி, துடைத்து, மாற்றிப் போட்டான். டீ வருவதற்குள் அது ஒழுங்காக மூச்சு விட்டது.

"எங்க கத்துக்கினப்பா?" என்றார் ஃபோர்மேன்.

"டீசல் உறையற எடத்துலண்ணா. அங்க வண்டி நின்னா சர்வீஸ் சென்டருக்கு போன் போட முடியாது."

சீனியர் டெக்னீஷியன் என்று அன்றே எழுதி மேலே அனுப்பிவிட்டார். இரண்டு நாள் கழித்து, ஊழியர் எண் போடுவதற்காக அந்தத் தாள் என் மேஜைக்கு வந்தது. சீனியர் டெக்னீஷியன் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. மேலே டிரெய்னி. அனுபவம் என்ற கட்டத்தில் ஒரு சைபர். ஓரத்தில், பென்சிலில், இரண்டே சொல்: பென்ஷன் உண்டு.

தம்பிக்குப் போன் செய்தேன். "பரவால்லக்கா, நான் சேந்துக்கறேன்" என்றான். அவன் சொன்னது என் காதில் விழுந்தது. மனதில் விழவில்லை. நான் படியேறினேன்.

அந்தத் தாளைத் திருத்திய மனிதவளப் பிரிவு அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. அதுதான் எரிச்சல்.

"மேடம், மிலிட்டரி சர்டிஃபிகேட் நம்ம கிரேடுல உக்காராது. இண்டஸ்ட்ரி அனுபவம் கணக்குல வராது. அப்புறம் அவருக்குத்தான் பென்ஷன் வருதில்ல?"

"உங்களுக்குக்கூட பாகலூர் ரோட்டு வீட்ல வாடகை வருதில்ல சார்? அதைக் கழிச்சிக்கினுதான் உங்களுக்குச் சம்பளம் போடறாங்களா?"

அடுத்த மேஜைக்காரர் சிரிப்பை இருமலாக்கி விழுங்கினார். அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது.

"அது வேற, இது வேற. பட்டாளத்துல அப்படி என்ன வேலை? காலைல பரேடு, சாயந்திரம் கேன்டீன் சரக்கு, வருசத்துக்கு ரெண்டு மாசம் லீவு. வேணும்னா கேட்ல செக்யூரிட்டிக்கு ஆள் எடுக்கறோம். யூனிஃபார்ம் அவருக்குப் பழக்கம்தானே?"

பொய் சொல்ல மாட்டேன். பட்டாளத்துச் சம்பளம் சோற்றுக்கு இல்லாத சம்பளமல்ல. எங்கள் கேட்டுக்கு வெளியே ஒப்பந்தக்காரனின் வேனிலிருந்து இறங்குகிற பிள்ளைகள் அதைக் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள். அவர்களுக்கு நடக்கிற அநியாயம் தனி, அதற்கு இன்னொரு நாள் அழுகிறேன். என் கேள்வி வேறு. பென்ஷன் என்பது தம்பி ஏற்கெனவே உழைத்து முடித்த உழைப்பின் மீதி. நாடு அவனுக்குத் தருவதை இந்தக் கம்பெனி எந்த உரிமையில் தன் தள்ளுபடியாக எடுத்துக்கொள்கிறது? அவன் பனியில் நின்றதற்கு இவர்களுக்கு ஏன் லாபம்?

ஞாயிற்றுக்கிழமை ஒரு வெற்று மஸ்டர் தாளை எடுத்துக்கொண்டு குருபரப்பள்ளிக்குப் போனேன். ஷிப்டு எழுதுகிற தாள். எனக்குத் தெரிந்த ஒரே ஆயுதம். தம்பி பூண்டு உரித்துக்கொண்டிருந்தான்.

"மலைமேல இருந்தப்ப ஒரு மாசம் சொல்லுடா. எத்தன மணிக்கு பஞ்ச் இன்?"

"பதினேழு வருசத்துக்கு முன்னாடி, பெங்களூர்ல. அவுட்டு இன்னும் ஆவலக்கா."

"வெளையாடாத. தூங்கற நேரத்தைக் கழிச்சிடறேன், மீதியச் சொல்லு."

"பூட்ஸைப் போட்டுக்கினே தூங்குவோம். அத எதுல சேப்ப?"

"குளிருக்குப் படி உண்டா?"

"உண்டுக்கா. இல்லன்னு சொன்னா நாக்கு அழுகிடும். ஆனா வாங்கின காசுக்கு அங்க மிட்டாய் வாங்கக்கூட கடை கெடையாது."

எழுதிக்கொண்டே போனேன். ஏ, பி, சி மூன்று ஷிப்டும் ஒரே ஆளின் பெயருக்கு நேரே. வார விடுப்புக் கட்டம் எல்லாம் காலி. ஒன்பதாம் நாள் கட்டத்துக்கு வந்தபோது அவன் குரல் இறங்கியது. பனியில் பாதை மூடிவிட்ட இடத்தில், நின்றுபோன ஒரு லாரியின் அடியில் அவனும் ஒரு கூட்டாளியும் விடியும்வரை கிடந்திருக்கிறார்கள். ஸ்பேனரை வெறுங்கையால் பிடித்த அந்தக் கூட்டாளியின் உள்ளங்கைத் தோல் இரும்போடு போனது.

"இத எழுதாதக்கா. அவன் வீட்டுக்கு இன்னும் தெரியாது."

அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டேன்.

திங்கட்கிழமை அந்தத் தாளை அதிகாரியின் மேஜையில் விரித்தேன். நான்கு பேர் பார்க்க விரித்தேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன். "இதுக்கு ஓ.டி. போட்டுக் காட்டுங்க சார். அப்புறம் சைபர்னு எழுதுங்க."

அவர் சிரிக்கவில்லை. தாளை மேலிருந்து கீழ்வரை படித்தார். நான்காக மடித்து என்னிடமே கொடுத்தார். "நீங்க போங்க மேடம்." சாயந்திரம் மெயில் வந்தது. அந்தப் பணியிடம் இப்போதைக்கு நிறுத்திவைக்கப்பட்டுள்ளது.

ஃபோர்மேன் தலையில் கை வைத்துக்கொண்டார். "கொஞ்சம் பொறுத்திருக்கலாம்மா. எப்படியாவது உள்ள வந்துட்டான்னா ஆறு மாசத்துல நானே கிரேடை மாத்தியிருப்பேன்."

லீவு முடிவதற்குள் தம்பி இன்னும் மூன்று கம்பெனி ஏறி இறங்கினான். வேறு வேறு கேட், வேறு வேறு வாய், ஒரே வாக்கியம்: பென்ஷன் வருதில்ல? எழுதிக் கொடுக்காமலே பெட்டியைக் கட்டினான். இன்னும் இரண்டு வருடம் பார்க்கலாம் என்றான்.

அவன் மனைவி கத்தவில்லை. கன்னடத்திலும் கத்தவில்லை.

"டிரெய்னியோ, கூட்டிப் பெருக்கற ஆளோ, சாயந்திரமானா வீட்டுக்கு வந்திருப்பாரில்ல அண்ணி? அவரு சரின்னுதான சொன்னாரு. நீங்கதான முடியாதுன்னீங்க?"

வீட்டில் இருந்தால் போதும் என்கிற அவளுடைய ஏக்கத்தை மோப்பம் பிடித்துத்தான் அந்தப் பென்சில் விலையைக் குறைத்தது. அதைச் சொன்னால் அவளுக்கு என்ன ஆகப்போகிறது? நான் கேட்டது நியாயம். அதற்கான கூலியை அவளும் மகளும் கொடுக்கிறார்கள். இரண்டும் உண்மை, இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொண்டு தூங்க எனக்குத் தெரியவில்லை.

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் அவனைப் பெங்களூர் பஸ்ஸில் ஏற்றினோம். மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பஸ் நகரும்வரை விடவில்லை. பஸ் போன பிறகு அவள் அம்மா, என்னைப் பார்க்காமல், "அத்தைக்கு ஆட்டோ வேணுமான்னு கேளுடி" என்றாள்.

"அத்தை, ஆட்டோ வேணுமா?"

"நடந்துக்கறேன்னு சொல்லு."

நான் இரண்டடி தூரத்தில்தான் நின்றிருந்தேன். அந்தப் பிள்ளை அதையும் அம்மாவிடம் திரும்பிச் சொன்னது.