அப்பா தட்டம் தூக்கிய வீடுகள்

அப்பாவின் செத்தவீட்டில் பலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். "உந்த வெள்ளைக்காரப் பிள்ளையள் ஆர்? ஏன் அவையும் எங்கட பிள்ளையளும் ஒரே மாதிரிச் சட்டை போட்டுக்கொண்டு நிக்கினம்?" அன்று பதில் சொல்லும் நிலையில் நான் இருக்கவில்லை. இன்று அப்பாவின் முதலாம் ஆண்டுத் திவசம். இந்த மலரில் எனக்குத் தரப்பட்ட பக்கங்களில் அந்தக் கேள்விக்குத்தான் பதில் எழுதுகிறேன். அப்பாவின் அருங்குணங்களைப் பெரியப்பா முன்பக்கங்களில் நிறைவாக எழுதியிருக்கிறார். அதில் பாதியை அப்பா ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்.

அப்பா சாவகச்சேரியில் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கத்து வீடொன்றில் பிறந்தார். காலையில் வண்டிச் சத்தத்தில் எழும்பி, இரவில் வண்டிச் சத்தத்தில் படுத்த பிள்ளை வேறு எந்த வேலைக்குப் போகும்? படிப்பு முடிந்ததும் ரயில்வேயில் சேர்ந்து கார்ட் ஆனார். கொழும்புக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் கடைசிப் பெட்டியில் நின்றபடி பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் காட்டினார். அம்மாவைத் திருமணம் செய்தார், என்னைப் பெற்றார்கள். நான் ஒரே பிள்ளை. பிறகு சண்டையில் வடக்குக்கு ரயில் ஓடுவது நின்றுபோனது. கார்ட் இருக்கிறார், வண்டி இல்லை.  தொண்ணூறுகளின் தொடக்கத்தில், முன்பே கனடா வந்திருந்த நான் ஸ்பொன்சர் செய்து அப்பாவும் அம்மாவும் ரொறன்ரோ வந்தபோது, அவருடைய பெட்டியில் வேட்டிக்கு அடியில் விசிலும் அந்த இரண்டு கொடிகளும் இருந்தன.

டோர்செட் பார்க்கில் மாடிக் குடியிருப்பு ஒன்றில் குடியிருந்தோம். அப்பா ஒரு கார்த் தரிப்பிடத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து ரிக்கற் கொடுக்கும் வேலை செய்தார். நான் ஒரு மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தேன். அங்கே என்னோடு வேலை செய்த ஜில் அவுஸ்திரேலியாக்காரி. அவள்தான் ஒரு நாள் முட்டை வடிவப் பந்தொன்றை என் கையில் திணித்து, "சனிக்கிழமை வா" என்றாள். அவுஸ்திரேலியக் கால்பந்து ஆடும் ஆண்களின் கழகம் ஒன்று இங்கே இருந்தது. அதில் பெண்களுக்கும் ஓர் அணி சேர்க்க அவள் ஆள் தேடிக்கொண்டிருந்தாள். நான் போனேன். விழுந்தேன், எழும்பினேன், மறுகிழமையும் போனேன்.

பந்தை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உரிக்காத தேங்காயை வைச்சே பிள்ளை விளையாடுறியள்?" என்றார். அம்மாவுக்குப் பந்து பிரச்சினை இல்லை, என் முழங்கால்தான் பிரச்சினை. "கலியாணம் பேசுற வயசிலை உவள் காலை உடைச்சுக்கொண்டு வரப் போறாள். நீங்கள் சிரிச்சுக்கொண்டு நில்லுங்கோ" என்று அப்பாவைத்தான் ஏசினார்.

ஏச்சுத் தாங்காமல்தான் அப்பா ஒரு சனிக்கிழமை என்னோடு மில்லிக்கன் மைதானத்துக்கு வந்தார். அந்த விளையாட்டில் மைதானத்தின் இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள் நிற்கும். நடுவில் உள்ள இரண்டு கம்பங்களுக்கு இடையில் பந்தை உதைத்தால் கோல், ஆறு புள்ளி. ஓரத்துக் கம்பங்களுக்கு இடையில் போனால் ஒரேயொரு புள்ளி. கம்பத்தடியில் ஒருவர் நின்று, கோல் என்றால் இரண்டு கொடிகளையும், ஒரு புள்ளி என்றால் ஒரு கொடியையும் அசைப்பார். அப்பா விளையாட்டைப் பார்க்கவில்லை. கொடி பிடித்த அந்த மனிதனையே பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பக் காரில் வரும்போது சொன்னார்: "அந்தாள் கொடியைச் சுருட்டிப் பிடிக்கிற பிடி பிழை. காத்துக்கு அது விரியாது."

அடுத்த மாதமே அப்பா எங்கள் அணியின் கொடி நடுவர் ஆனார். ஒவ்வொரு அணியும் தனக்கென ஒருவரைக் கொண்டுவர வேண்டும் என்பது விதி. எங்களிடம் ஆள் இல்லை. அதனால் யாரும் அவரிடம் கேள்வி கேட்கவில்லை. வெள்ளைக் கோட்டும் தொப்பியும் போட்டு, முதுகு வளையாமல் நின்றார். கொடிகள் வெள்ளையாக இருப்பதுதான் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "ஊரிலை ஒழுங்கை முழுக்கக் கட்டுற செத்தவீட்டுக் கொடி மாதிரி" என்றார்.  அப்பா கோட்டுப் பையில் ரயில்வேயின் சிவப்புக் கொடியை வைத்திருந்தார் என்பது ஒஷாவாவில் நடந்த ஆட்டத்தில்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அன்று ஜில் பந்துக்குப் பாய்ந்து, தோள் அடிபட விழுந்துவிட்டாள். எதிரணி ஆட்டத்தை நிறுத்தவில்லை. நிறுத்த வேண்டிய அவசியமும் விதிப்படி அவர்களுக்கு இல்லை. அப்பா விசிலை வாயில் வைத்து நீளமாக ஊதி, சிவப்புக் கொடியை விரித்துப் பிடித்தபடி மைதானத்துக்குள் ஓடினார். பெண்கள் எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள். மைதான நடுவர் ஓடிவந்து இது என்ன என்று கேட்டார். அப்பா தமிழில்தான் சொன்னார்: "ஆள் தண்டவாளத்திலை விழுந்து கிடக்க வண்டி ஓடுறதோ?" நான் மொழிபெயர்த்தேன். அந்த மனிதர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டு ஆட்டத்தை நிறுத்தினார். சிவப்புக் கொடி கொண்டுவரக் கூடாது என்று பிறகு கழகத்துக்கு ஓர் எச்சரிக்கை வந்தது. அப்பா கொண்டுவருவதை நிறுத்தவில்லை, வெளியே எடுப்பதை மட்டும் நிறுத்தினார்.

இனி நான் சொல்ல வேண்டிய விசயத்துக்கு வருகிறேன். எங்களிடம் ஆட்கள் போதவில்லை. பெண்கள் வேலை மாறினார்கள், ஊர் மாறினார்கள், ஜில்லின் தோழிகள் சிலர் அவுஸ்திரேலியாவுக்கே திரும்பினார்கள். ஆள் குறைந்து ஆடாமலே தோற்ற நாட்கள் பெருகின. ஓர் இலையுதிர் காலத்தில் கழகத்தின் கூட்டத்தில் தலைவர் மெதுவாகத்தான் சொன்னார். கெட்ட மனிதர் அல்ல. வருகிற வசந்தத்தில் முழு அணியாக இறங்க முடியாவிட்டால் பெண்கள் அணியை மூடிவிட்டு, மைதான நேரத்தை ஆண்களின் இரண்டாம் அணிக்குக் கொடுக்கப் போகிறோம் என்றார். ஜில் காருக்குள் இருந்து அழுதாள். நான் வீட்டுக்கு வந்து அழுதேன். என் வாழ்நாளில் நானாகத் தேடிக்கொண்ட ஒரே இடம் அது. மற்றதெல்லாம் சண்டையும் விசாவும் தீர்மானித்தவை.

"ஆக்கள்தானே வேணும்?" என்றார் அப்பா. "எங்கட சனத்திட்டைக் கேட்டியே?"

"போன் பண்ணிக் கேட்டனான் அப்பா. ஒருத்தரும் பிள்ளையளை விடமாட்டினமாம்."

"போனிலை சொன்னா ஆர் வருவினம்? கலியாணத்துக்கே போனிலை சொன்னா மூஞ்சையை நீட்டுற சனம். தட்டத்தோடை போய்க் கேக்க வேணும்."

அம்மா குசினியில் இருந்து எட்டிப் பார்த்தார். "உங்களுக்கு விசரே? பந்தடிக்கக் கூப்பிடத் தட்டமோ?"

ஆனால் அப்பா சொன்னால் சொன்னதுதான். வெள்ளித் தட்டத்தைத் துலக்கி வெற்றிலை, பாக்கு, சந்தனம், குங்குமம், கற்கண்டு எல்லாம் வைத்தார். அம்மா முணுமுணுத்துக்கொண்டே கூறைச் சேலைக்கு அடுத்த நல்ல சேலையைக் கட்டினார். முதல் வீடு எங்கள் கட்டடத்திலேயே மேல்மாடியில் இருந்த மனோ அன்ரியின் வீடு. அவருடைய மகள் துளசி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். "நானும் இவவும் பிள்ளையும் ஒருக்கா வரவேணும், நல்ல விசயம்" என்று மட்டும் அப்பா முன்கூட்டிச் சொல்லியிருந்தார். பிழை அங்கேதான் நடந்தது.

கதவைத் திறந்ததும் நெய் வாசம். மேசையில் அரியதரம், வடை, பயித்தம் பணியாரம். துளசி பட்டுச் சேலையில், தலை நிறையப் பூவோடு, என்னைப் பார்த்து முழித்துக்கொண்டு நின்றாள். ஜேர்மனியில் இருக்கும் என் சித்தப்பாவின் மகனுக்குப் பெண் தேடுவது ஊருக்கே தெரியும். தட்டம் தூக்கிக்கொண்டு மூன்று பேர் வந்தால் மனோ அன்ரி வேறு என்னத்தை நினைப்பார்? சந்தனத்தைத் தொட்டார், குங்குமத்தை எடுத்தார், கண்ணைத் துடைத்தார். அப்பாவோ முறைப்படி ஊரைக் கேட்டு, உறவைக் கேட்டு, சுகத்தைக் கேட்டு, விசயத்துக்கு வர வழமை போல நேரம் எடுத்தார். அதற்குள் மனோ அன்ரி உள்ளே போய்த் துளசியின் சாதகக் குறிப்பை எடுத்து வந்து நீட்டிவிட்டார். மரியாதைக்கு அப்பா அதை இரண்டு கையாலும் வாங்கினார். நான்தான் வாய் திறக்க வேண்டியதாயிற்று.

"பந்தடிக்கவோ?" என்றார் மனோ அன்ரி.

"ஓம் தங்கச்சி" என்றார் அப்பா. குறிப்பு இன்னும் அவர் கையில் இருந்தது. "சனிக்கிழமையிலை மட்டும். நானே கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வாறன்."

 அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். துளசி பூவைப் பிய்த்து எடுத்தபடி, "அம்மா, ஐ வோன்ட் டு ப்ளே. ப்ளீஸ்" என்றாள். மனோ அன்ரி மகளைப் பார்த்தார், பணியாரத்தைப் பார்த்தார், தன் விரலில் ஒட்டியிருந்த குங்குமத்தைப் பார்த்தார்.

"குங்குமம் எடுத்திட்டன் அண்ணை" என்றார் கடைசியில். "எடுத்துப்போட்டு மாட்டன் எண்டு சொல்லலாமே? கூட்டிக்கொண்டு போங்கோ. ஆனா முகத்திலை காயம் வரப்படாது." பிறகு எங்களை இருத்திப் பலகாரம் முழுவதையும் சாப்பிட வைத்தார். கோபத்தில் வைத்தாரா அன்பில் வைத்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அப்பா தட்டம் தூக்கினார். இரண்டாம் வீட்டில் இருந்து, வாசலிலேயே "கலியாண விசயம் இல்லை" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனார். நஸ்ரின் என்ற முஸ்லிம் பிள்ளையின் வாப்பா கார் திருத்தும் கடை வைத்திருந்தவர். அவர் வீட்டுக்குக் குங்குமம் எடுத்துப் போகாமல் வெற்றிலையும் கற்கண்டும் மட்டும் கொண்டுபோனார். அவள் முழுக்கைச் சட்டையும் தலைத்துணியுமாக ஆட வேண்டும் என்று வாப்பா கேட்டார். அப்பா அதைக் கழகத்தில் போய்ப் பேசி வாங்கி வந்தார். எல்லா வீட்டிலும் கதவு திறக்கவில்லை. "வயசுக்கு வந்த பிள்ளையளைக் கெடுக்கிறார்" என்று கோயிலில் ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னார். அன்று அப்பா வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. மறுநாள் தட்டத்தை மறுபடி துலக்கினார்.

வசந்தத்தில் நாங்கள் முழு அணியாக இறங்கினோம். பெரும்பாலும் தோற்றோம். அதை மறைத்து எழுதினால் அப்பாவே எழும்பி வருவார். துளசி கண்மூடித்தனமாக ஓடி இரண்டு தரம் தன் கட்சிக்காரியையே விழுத்தினாள். ஆனால் ஆள் இல்லை என்று ஒரு சனிக்கிழமையும் மைதானத்தில் இருந்து திரும்பவில்லை. கழகம் பெண்கள் அணியை வைத்திருக்கச் சம்மதித்தது, ஆனால் ஒவ்வொரு வருடமாகத்தான். ஆகவே ஒவ்வொரு குளிர்காலமும் தட்டம் வெளியே வந்தது.

போன வருட மாசியில் அப்பாவின் இருதயம் களைத்துவிட்டது. மருத்துவமனையில் சில நாட்களே இருந்தார்.  துளசியின் முழங்கால் வீக்கம் வத்தினதோ என்று கேட்டார். "இந்த வருசத்துக்கு ஆக்கள் காணுமே?" என்று கேட்டார். காணும் என்றேன். போதாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒருத்தி கலியாணம் செய்து லண்டன் போயிருந்தாள், இன்னொருத்தி படிக்க ஒட்டாவா போயிருந்தாள். அடுத்த நாள் விடியப் போய்விட்டார்.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஆண்டுத் துடக்கில், அந்தத் தீட்டு முடியும்வரை, நல்ல காரியங்களுக்குப் போகக் கூடாது. கணவனை இழந்தவள் குங்குமத் தட்டத்தை எப்போதுமே தொடக் கூடாது. நானும் அந்த வசந்தம் விளையாடுவதில்லை என்று ஜில்லிடம் சொல்லிவிட்டேன். அணி மூடப்படும் என்று இருவருக்கும் தெரிந்தது. 

பங்குனியில் ஒரு நாள் மனோ அன்ரி வந்தார். வந்தவர் நேரே சுவாமித்தட்டுக்குக் கீழே இருந்த தட்டத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"அக்கா, வெளிக்கிடுங்கோ."

"எனக்கென்ன விசரே மனோ? நான் உதைத் தொடலாமே இனி?"

"கலியாணத்துக்குச் சொல்லவே போறம்? பந்தடிக்கத்தானே. அதுக்கு ஒரு சாத்திரமும் இல்லை. அண்ணை இருந்திருந்தா இந்த நேரம் பாதி வீடு முடிஞ்சிருக்கும்."

அம்மா அழுதார். பிறகு முகம் கழுவி, வெள்ளைச் சேலையை மாற்றாமலே வந்து, வெற்றிலையை அவரே துடைத்து அடுக்கினார். நான் காரை ஓட்டினேன். மில்லிக்கனில் ஒரு வீடு. கதவைத் திறந்த பெண் அம்மாவின் வெறும் நெற்றியைப் பார்த்தார், பிறகு தட்டத்தைப் பார்த்தார். அவருடைய கை பாதியில் நின்றது. அந்த வீட்டு வாசலில் நின்ற நேரம் போல ஒரு நேரம் எனக்கு இனி வரவேண்டாம்.

"பிள்ளை" என்றார் அம்மா. "இவர் இருந்திருந்தா இவர்தான் வந்திருப்பார். அவருக்காகத்தான் வந்தனான். விருப்பமெண்டாத் தொடுங்கோ."

அந்தப் பெண் சந்தனத்தைத் தொட்டார். குங்குமத்தையும் எடுத்தார். பிறகு தட்டத்தோடு சேர்த்து அம்மாவின் கையைப் பிடித்து, "உள்ளுக்கு வாங்கோ அம்மா, குளிருது" என்றார். அந்த வீட்டில் இருந்து இரண்டு பிள்ளைகள் வந்தார்கள். கடந்த கோடை முழுவதும் நாங்கள் ஆடினோம். கம்பத்தடியில் வெள்ளைக் கோட்டோடு நின்றவர் மனோ அன்ரி. கோட்டுப் பையில் அப்பாவின் சிவப்புக் கொடி இருந்தது.

செத்தவீட்டில் ஒரே சட்டையோடு நின்றவர்கள் எங்கள் அணிப் பிள்ளைகள்தான். மருத்துவமனையில் இரவு பகலாக நின்ற உறவினருக்கும், தேவாரம் பாடியவருக்கும், கிரியைகளை முறையாகச் செய்து தந்த ஐயாவுக்கும், சாப்பாடு கொண்டுவந்த அயலவர்களுக்கும், அப்பாவை மைதானத்தில் ஏற்றுக்கொண்ட ஜில்லுக்கும் கழகத்தாருக்கும் அம்மா சார்பிலும் என் சார்பிலும் நன்றி சொல்கிறேன். முக்கியமாக, அப்பா தட்டத்தோடு வந்தபோது கதவைத் திறந்தவர்களுக்கு நன்றி. திறக்காதவர்களோடு எங்களுக்குக் கோபம் இல்லை.

ஏனென்றால் இந்த வருடமும் எங்களுக்கு ஆட்கள் போதாது. திவசம் முடிந்ததும் அம்மா வெளிக்கிடுகிறார், தட்டம் துலக்கியாகிவிட்டது. உங்கள் வீட்டிலும் ஒரு பெண் பிள்ளை இருந்தால் அம்மா கட்டாயம் வருவார். சந்தனத்தில் கை வைக்கும்முன் நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள். தொட்டால் பிள்ளையை அனுப்பத்தான் வேண்டும். அது அப்பா வைத்த சட்டம்.