உள்கைப்பிடி

கைப்பிடியை இழுத்தான். கதவு திறந்தது. சாத்தினான். மறுபடி இழுத்தான். திறந்தது.

"பாய், அத்த இன்னாத்துக்கு சும்மா சும்மா நோண்டிகினு கீற? வண்டி நவுந்துச்சினா கீய வுழுவ," என்றான் உதயா. அவன் கண் முன்னால் நின்ற லாரியின் மேல் இருந்தது.

பின்சீட்டில் இருந்த தாவூது கதவைச் சாத்தினான். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்தபடி நின்றிருந்தன. வலது கைப்பக்கம் கருங்கல் குவியலுக்கு அப்பால் கடல். காலை வெயில் அதற்குள் தகரத்தைச் சுட ஆரம்பித்திருந்தது.

"ஹாரன் அடி உதயா."

"யார பாத்து அடிக்கிறது? முன்னாடி கீறவன் சக்கரமே நம்ம வண்டி ஒசரம் கீது."

தாவூது மனோகரனின் எண்ணை மறுபடி அழைத்தான். மணி முழுக்க அடித்து ஓய்ந்தது.

மனோகரனின் ஸ்கூல் வேனில் தாவூதின் மகள் லுப்னா போயிருந்தாள். தண்டையார்பேட்டைப் பிள்ளைகள் இன்னும் சிலர் அவளோடு இருந்தார்கள். பள்ளி எர்ணாவூரைத் தாண்டி. அந்த வேனின் கதவை உள்ளிருந்து திறக்க முடியாது. இது தாவூதுக்கு உறைத்தது சற்று முன்னால்தான். அப்படி ஆக்கி வைத்தவனும் அவன்தான்.

தாவூது பயந்த ஆள். தொழிற்சாலைச் சங்கு ஊதினால் வேளை தப்பி ஊதுகிறதோ என்று கடிகாரத்தைப் பார்ப்பான். வடக்கேயிருந்து காற்றில் ஏதாவது வாடை வந்தால் மனைவி மெஹ்னாஸிடம் ஜன்னலைச் சாத்தச் சொல்வான். "அது பக்கத்து வூட்டு கருவாடு," என்பாள் அவள். அப்போதும் சாத்தச் சொல்வான். பட்டறையில் மணல் வாளியைப் பக்கத்தில் வைக்காமல் வெல்டிங் கம்பியைத் தொட்டதில்லை. ஒரு போல்ட் போதும் என்கிற இடத்தில் இரண்டு போடுவான். தெருவில் கேலி செய்தார்கள். ஆனால் வண்டி வேலை என்றால் அவனைத்தான் தேடி வந்தார்கள். பாய் போட்ட சீட்டு என்றால் வண்டி கவிழ்ந்தாலும் சீட்டு கழலாது என்று காசிமேடு வரைக்கும் பேச்சு.

அவன் டிங்கர் வேலை பழகியது அம்பாசிடர் கார்களின் மட்கார்டுகளில். பிறகு அந்தக் குட்டி வேன் வந்தது. சப்பை மூஞ்சி. முன்சீட்டுக்கு அடியில் எஞ்சின். பின்னால் வெறும் தகரப்பெட்டி. ஜன்னல் கிடையாது, சீட்டு கிடையாது. டப்பா வண்டி என்று பெயர் வைத்தார்கள். ஆட்டோ நுழைகிற சந்தில் அதுவும் நுழைந்தது, ஆட்டோ கொள்ளாத மீனையும் கொண்டது. கம்பெனி அதைச் சாமான் ஏற்றத்தான் செய்திருந்தது. மனிதர்கள் தாங்களாக ஏறிக்கொண்டார்கள். ஏலம் முடிந்து திரும்பும் பெண்கள் கூடைகளுக்கு நடுவில் குந்திக்கொண்டார்கள். ஒருவன் பலகை போட்டான். மூச்சு முட்டுகிறது என்று ஒருத்தி கத்தவே, பக்கத் தகரத்தைச் சதுரமாக வெட்டிக் கண்ணாடி வைக்கத் தாவூதிடம் கொண்டுவந்தார்கள். கண்ணாடி வந்த பிறகு வரிசையாகச் சீட்டு கேட்டார்கள். சீட்டு வந்த பிறகு விளக்கு, விசிறி. அதே தகரப்பெட்டி ஸ்கூல் வேனாயிற்று, கல்யாண வண்டியாயிற்று, ஒன்று ஆம்புலன்சாகக்கூட ஓடியது. கொஞ்ச காலத்தில் கம்பெனியே கண்ணாடியும் சீட்டும் வைத்து ஒரு மாடல் விட்டது. பிறகு அதையே நீட்டி, இன்னொரு வரிசை சேர்த்து வேறொன்று. அதை வாங்க முடியாதவர்கள் பழைய மீன் வண்டியைப் பிடித்துத் தாவூதின் பட்டறைக்கு ஓட்டிவந்தார்கள்.

மீன் வண்டிகளுக்கு என்று ஒரு பழக்கம் இருந்தது. டப்பா வண்டி வந்த புதிதில் ஒன்றில் ஐஸ் பெட்டி சரிந்து, பக்கக் கதவின் உள்கைப்பிடியில் இடித்து, ஓடுகிற ஓட்டத்தில் கதவு வழுக்கித் திறந்துகொண்டது. அத்தனை வஞ்சிரமும் ரோட்டில். பின்னாலேயே வந்த லாரி அதன் மேல். அந்த வண்டிக்காரன்தான் மனோகரன். அன்றே தாவூதிடம் வந்து உள்கைப்பிடியைக் கழற்றச் சொன்னான்.

"உள்ள கீற மீனு எறங்கி நடக்கவா போவுது?" என்றான்.

தாவூது கைப்பிடியைக் கழற்றி ஓட்டையைத் தகரத்தால் அடைத்துப் பெயின்ட் அடித்துக் கொடுத்தான். பின்கதவிலும் அப்படியே. ஐஸ் பெட்டி டிரைவரின் முதுகில் வந்து மோதக்கூடாதென்று முன்சீட்டுக்குப் பின்னால் கம்பித் தடுப்பும் வைத்தான். மற்றவர்களும் அதையே கேட்டார்கள். நாளடைவில் யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மீன் வண்டி பட்டறைக்குள் வந்ததும் தாவூதின் கை தானாக உள்கைப்பிடிக்குப் போகும்.

ஐஸ் தூக்கித் தூக்கி மனோகரனுக்கு இடுப்பு போயிற்று. மீனை விட்டுப் பிள்ளைகளை ஏற்றலாம் என்று அதே வண்டியைக் கொண்டுவந்தான். லுப்னா போகப்போகிற வண்டி என்பதால் தாவூது கூடுதலாகவே பயந்தான். புளித்தண்ணீர் ஊற்றிக் கழுவினான். வெட்டிய தகரத்தின் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்துப் பார்த்து ராவினான். பிள்ளைகள் தலையை நீட்டிவிடுமோ என்று, விரல் நுழையும் அளவுக்குமேல் ஜன்னல் திறக்காதபடி கட்டை வைத்தான். கம்பித் தடுப்பு இருந்தால் பிரேக் போடும்போது பிள்ளைகள் முன்னால் போய் விழமாட்டார்கள் என்று அதை எடுக்காமல் விட்டான். கதவின் உட்புறத்தில் அடைத்த ஓட்டை பழைய பெயின்ட்டுக்குள் இருந்தது. அதன் மேல் ரெக்சின் ஒட்டியாயிற்று. மனோகரன் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கிவந்து, வெளியிலிருந்து கதவைத் திறந்து, ஒவ்வொரு பிள்ளையாகக் கைபிடித்து இறக்குவான். நல்ல டிரைவர் என்றால் அப்படித்தான். அதனால் உள்ளேயிருந்து யாரும் திறந்து பார்க்கவேயில்லை.

இன்று காலை உதயா பட்டறைக்கு வந்தான். வியாசர்பாடியில் வாடகைக்கு ஓட்டுகிறவன். அவனுடையது கம்பெனியிலிருந்தே சீட்டோடு வந்த வண்டி. பின்பக்கம் சின்ன நசுங்கல். பின்சீட்டில் ஏறி எதையோ தேடிக்கொண்டிருந்தபோது கதவு சரிவில் தானாக வழுக்கிச் சாத்திக்கொண்டது. சற்றுப் பொறுத்து உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். கதவைத் திறந்துகொண்டு உதயா இறங்கினான்.

சுத்தியலோடு நின்ற தாவூது கேட்டான்: "எப்டி எறங்கின?"

"இன்னா பாய் கேள்வி இது? கதவ தொறந்துகினுதான்."

தாவூதின் முகம் போன போக்கைப் பார்த்து உதயா சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். தாவூது மனோகரனுக்குப் போன் போட்டான்; எடுக்கவில்லை என்றதும் உதயாவின் வண்டியிலேயே ஏறிக் கிளம்பினான்.

லாரி வரிசை அசைவதாக இல்லை. "நீ ஓரமா வா," என்று சொல்லிவிட்டு தாவூது இறங்கி ஓடினான். சட்டைப்பையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. அதை எப்போது எடுத்து வைத்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. இரண்டு லாரிகளுக்கு நடுவில் புகுந்தான். லாரியின் நிழலில்கூட நிற்கப் பயப்படுகிறவன். ஒரு கிளீனர் மேலேயிருந்து, "யோவ், சாவுகிராக்கி, வூட்ல சொல்லிகினு வந்தியா?" என்று கத்தினான்.

பள்ளிக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்று ஓடிக்கொண்டே சொல்லிக்கொண்டான். போய்ச் சேர்ந்திருந்தால் மனோகரன் போனை எடுத்திருப்பான். வண்டி ஓடுவது கேஸில். கடைசி சீட்டுக்கு அடியில் இருக்கும் அந்த உருளைக்கு இரட்டைப் பட்டை போட்டது நினைவுக்கு வந்தது. 

ஒரு லாரியின் மறைவிலிருந்து வெளியே வந்ததும் மஞ்சள் பெயின்ட் தெரிந்தது. வேன் ரோட்டோரம் கருங்கல் பக்கமாக ஒதுங்கி நின்றிருந்தது. முன்சீட்டுக்கு அடியிலிருந்து வெள்ளையாகப் புகை. டிரைவர் இடத்தில் யாரும் இல்லை.

ஓடிப்போய்ப் பக்கக் கதவை இழுத்தான். பூட்டியிருந்தது. முன்கதவுகளும் பூட்டியிருந்தன. கண்ணாடிக்கு உள்ளே சின்னக் கைகள் தட்டின. போனை எடுத்து மனோகரனை அழைத்தான். முன்கண்ணாடிக்கு அடியில் ஒரு போன் விளக்கெரிந்து ஆடியது.

லுப்னா ஜன்னல் இடுக்கில் வாயை வைத்தாள். "அத்தா, போன் அடிச்சிகினே கீது. கம்பி வழியா எட்டல."

"மனோ மாமா எங்க?"

"தண்ணி எடுக்க போச்சு. கொதிக்குதாம்."

"வாடை எதுனா வருதா? கேஸ் வாடை?"

"மீனு வாடதான். எப்பயும் வர்றதுதான்."

தாவூது ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். கண்ணாடியைச் சட்டத்தோடு பிடித்து நிற்பது ரப்பர் பட்டை. அதன் முனையைக் கீழ் விளிம்பின் நடுவில் சொருகி முடிப்பதுதான் அவன் வழக்கம். முனை எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். கை அங்கே போகவில்லை.  ஸ்க்ரூ டிரைவர் நழுவி வண்டிக்கு அடியில் விழுந்தது. படுத்துத் துழாவி எடுத்தான். பக்கத்தில் ஒரு லாரி உறுமி நகர்ந்தது. யாரோ அவன் காலைத் தாண்டிப் போனார்கள். எழுந்து மறுபடி குத்தினான். முனை கிளம்பியது. இழுத்தான். குழந்தையின் தலைமுடி சிக்கெடுப்பது போல மெதுவாக இழுக்க வேண்டியது. வெறி பிடித்தவன் போல இழுத்தான். அறுகாமல் வந்தது.

"லுப்னா, எல்லாரும் காலால ஒதைங்க. கண்ணாடிய ஒதைங்க."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவர் ஒருவரே உதைக்கச் சொல்லும் நாள் இப்படி வரும் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. பிறகு அத்தனை ஷூக்களும் சேர்ந்து உதைத்தன. கண்ணாடி சட்டத்தோடு முழுதாகப் பெயர்ந்து தாவூதின் மார்பில் விழுந்தது. உள்ளேயிருந்து வெந்த காற்று முகத்தில் அடித்தது.

லுப்னா வெளியே வந்ததும், "ஸ்கூலுக்கு லேட்டாயிடும், நீ இன்னாத்துக்கு அழுவுற?" என்றாள். அழுவது அவனுக்குத் தெரியவில்லை. ஒவ்வொருவராக இறக்கிக் கருங்கல்லின் மேல் உட்கார வைத்தான். யாரையும் ரோட்டுப் பக்கம் விடாதபடி தானே குறுக்கே நின்றான்.

"சபீஹா தூங்குறா," என்றது ஒரு பிள்ளை.

கடைசி சீட்டின் மூலையில் எல்.கே.ஜி. சபீஹா சுருண்டு கிடந்தாள். தலை நனைந்திருந்தது. தாவூது ஜன்னல் வழியாக இடுப்புவரை நுழைந்து அவள் கையைப் பிடித்தான். "சபீஹா." கை தொங்கியது. "சபீஹாம்மா." இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தான். அவள் கன்னம் அடுப்புக் கல் போலிருந்தது. லுப்னா தன் பாட்டில் தண்ணீரை அவள் முகத்தில் கொட்டினாள். தாவூதுக்குக் கடல் சத்தம் கேட்கவில்லை, லாரிச் சத்தம் கேட்கவில்லை. சபீஹா கண்ணைத் திறந்தாள். தாவூதைப் பார்த்ததும் பிடிக்காமல் உதட்டைப் பிதுக்கினாள். பிறகு தண்ணீர் கேட்டாள்.

மனோகரன் பிளாஸ்டிக் குடத்தோடு வந்துகொண்டிருந்தான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

"யோவ் பாய்! கண்ணாடிய இன்னாத்துக்கு கழட்டிகினு கீற? மெண்டலா நீ?"

"எங்க போன?"

"எங்க போறது? குப்பத்தாண்டதான் தண்ணி. குழாயாண்ட ஒரே கூட்டம். பசங்கோ ரோட்ல எறங்கி லாரில மாட்டிச்சினா நீயா பதில் சொல்லுவ? அதான் லாக் பண்ணிகினு போனேன்."

"உள்ளேர்ந்து தொறக்காது மனோ."

"இன்னா தொறக்காது?"

"கதவு. கைப்பிடி கெடையாது. நான் வைக்கல. மறந்துட்டேன்."

மனோகரன் குடத்தைக் கீழே வைத்தான். சாவி போட்டுக் கதவைத் திறந்தான். உட்பக்க ரெக்சினை உள்ளங்கையால் தடவினான். ஓரிடத்தில் கட்டைவிரலால் அழுத்தினான். அடியில் தகரம் 'டொக்' என்றது. மறுபடி அழுத்தினான்.

"நான்தான எடுக்கச் சொன்னேன்," என்றான். பிறகு கருங்கல்லில் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்துவிட்டான்.

உதயா வண்டியை ஓரமாக ஊர்ந்து கொண்டுவந்து சேர்த்திருந்தான். பிள்ளைகள் அதில் ஏறினார்கள். தாவூது சபீஹாவைத் தூக்கி உள்ளே வைத்தான். அவள் கை நேராகக் கைப்பிடிக்குப் போயிற்று. டக். கதவு திறந்தது.

"ஏ பாப்பா, அத்த தொடாத," என்றான் உதயா.

"வுடு," என்றான் தாவூது. "இழுக்கட்டும்."

சபீஹா இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

அவர்களை அனுப்பிவிட்டு தாவூது மனோகரனின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். எஞ்சினிலிருந்து இன்னும் லேசாகப் புகை வந்துகொண்டிருந்தது.  

"மனோ, காசிமேட்ல நம்ம செட்டு மீனு வண்டிங்கோ இப்ப எதெது ஆள் ஏத்துது?"

மனோகரன் யோசித்தான். பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தான். ஒவ்வொரு பெயருக்கும் தாவூது தலையசைத்தான். எல்லாம் அவன் கை பட்ட வண்டிகள்.

மறுநாள் தாவூது மனோகரனின் வேனில் பக்கக் கதவுக்கும் பின்கதவுக்கும் உள்கைப்பிடி வைத்தான். கம்பித் தடுப்பை அறுத்து எடுத்தான். ஜன்னல் கட்டைகளைப் பாதியாக இழைத்தான். அடுத்து வந்த நாட்களில் காசிமேட்டுக்குப் போனான். அங்கே ஒரு வண்டி மறுபடி மீனுக்கே போயிருந்தது; அதை விட்டுவிட்டான். ராயபுரத்தில் சிலுவைமுத்து என்பவரின் வண்டியில் கைப்பிடி வைத்தான். நன்றாக ஓடுகிற வண்டியை எதற்குத் தொடுகிறாய் என்று அவர் சத்தம் போட்டார். வியாசர்பாடியில் உதயா ஒரு வண்டியைக் காட்டினான். அதிலும் வைத்தான். இறால் உரிக்கும் பெண்களை ஏற்றுகிற வேன் ஒன்று புழல் பக்கம் கைமாறிப் போயிருந்தது. ஒரு நாள் பஸ் பிடித்து அங்கே போனான். வீடு பூட்டியிருந்தது. வண்டியை விற்றுவிட்டார்கள், யாருக்கு என்று தெரியாது என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. மதியம் அங்கேயே டீக்கடையில் சாப்பிட்டான். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கடந்து போகும் குட்டி வேன்களின் பக்கக் கதவுகளைப் பார்த்துக்கொண்டு வந்தான். அவன் வீடு சேர்ந்தபோது லுப்னா மனோகரனின் வேனில் பள்ளிக்குப் போய்விட்டு வந்திருந்தாள்.