வாசலுக்கு வெயில் வரும் நேரம்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வீடு கட்டக் காணி பிரித்துக் கொடுத்தபோது கடைசியில் இரண்டு துண்டுகள் மீந்தன. குடும்பங்களும் இரண்டு மீந்தன. ஒன்று நாங்கள். மற்றது, லயம் என்கிற வரிசை வீடுகளில் எங்கள் பக்கத்து ஒற்றை அறைக் காம்பராவில் இருந்த மாமா வீட்டார். "ஒங்களுக்குள்ள பேசி முடிச்சு மாசக் கடைசிக்குள்ள சொல்லிருங்க" என்று சொல்லிவிட்டு, தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கையா மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். மாமா சண்டை சச்சரவுக்குப் போகாத மனிதர். "நீங்க மொதல்ல எடுங்க, மிச்சத்த நாங்க எடுத்துக்குறோம்" என்றார். பெருந்தன்மையாகச் சொன்னார்தான், ஆனால் முழுத் தலைவலியும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

முதல் துண்டு ரோட்டோரம் இருந்தது, சமதரை. நோர்வூட் பஸ் நிற்கும் இடத்துக்கு இரண்டு நிமிட நடை. அதன் தெற்குப் பக்கம் முதுகை ஒட்டினாற்போல் ஒன்பதாம் நம்பர் மலை எழுந்து நின்றது. எங்கள் பக்கம் மலை என்றால் தேயிலை நட்ட பகுதி. ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் உண்டு. இரண்டாவது துண்டு ரோட்டுக்கு வடக்கே, எதிர்ச் சரிவில், நல்ல உயரத்தில் இருந்தது. ஏறிப் போக மண்ணில் வெட்டிய படிகள் மட்டுமே இருந்தன. எண்ணிப் பார்த்தேன், நூற்றுப் பன்னிரண்டு.

அப்பாவுக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. ரோட்டோரத் துண்டு கிடைத்துவிட்டதாகவே வைத்துக்கொண்டு, வாசலில் கொய்யா வைப்பதா மாதுளை வைப்பதா என்பதுவரை போய்விட்டார். நான்தான் குறுக்கே நின்றேன். குறுக்கே நிற்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

காரணம் அம்மாவின் நெஞ்சு. அம்மா இருபது வருஷத்துக்கு மேலாகத் தேயிலைக் கொழுந்து எடுப்பவர். மார்கழி பிறந்தால் இழுப்பு வந்துவிடும். உட்கார்ந்தபடியே தூங்குவார். எங்கள் காம்பராவுக்குக் கதவு ஒன்று, சன்னல் கிடையாது. அடுப்புப் புகையும் சுவர் ஈரமும் எங்களோடு சேர்ந்து குடியிருந்தன. ஆஸ்பத்திரியில் டொக்டர் சிங்களத்தில் சொன்னதை நான்தான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். ஈரமில்லாத வீடாக இருக்க வேண்டும், காலை வெயில் ஒரு மணி நேரமாவது மேலில் பட வேண்டும், மருந்து அதற்குப் பிறகுதான் என்றார். அம்மா சிரித்தார். "லயத்துல வெயிலு எதுத்த லயத்துக் கூரையோட நின்டுறும்னு அவருக்குச் சொல்லு" என்றார். நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

ஆகவே வீடு என்று ஒன்று கட்டினால் அம்மாவுக்குக் காலை வெயில் கிடைக்கிற இடத்தில்தான் கட்ட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எட்டாம் ஆண்டுக்கு அந்தத் தவணை சூரியக் குடும்பம். சுண்ணாம்பால் விளையாட்டுத் திடலில் வட்டங்கள் போட்டு, பிள்ளைகளைக் கிரகங்களாக நடக்க விட்டேன். உள்வட்டத்துப் புதன், ஒரு மெலிந்த பிள்ளை, மூச்சிரைக்க ஓடினாள். வெளியே சனியாக நின்றவன் ஆடி அசைந்து நடந்தான். "டீச்சர், நான் ஒரு சுத்து முடிக்கிறதுக்குள்ள பெல் அடிச்சிரும்" என்றான். சூரியனுக்குப் பக்கத்தில் இருப்பது வேகமாகச் சுற்றும், தூரத்தில் இருப்பது மெதுவாகச் சுற்றும் என்று நான் சொல்ல வந்ததை அவன் சொல்லிவிட்டான். சனி ஒரு ராசியைக் கடக்க இரண்டரை வருஷம், பன்னிரண்டு ராசிக்கும் சேர்த்து ஏறக்குறைய முப்பது வருஷம். ஏழரைச் சனி நடக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைப் படிப்பிக்கத் தேவையே இருக்கவில்லை. நட்சத்திரங்களும் சூரியன்கள்தான், தூரத்தால் சிறிதாகத் தெரிகின்றன என்றபோது மட்டும் ஒருவரும் நம்பவில்லை.

காணி விஷயம் வந்தது ஆகஸ்ட் விடுமுறையில். மழை விட்ட காலைகளில் போய்ப் பார்த்தேன். இரண்டு துண்டிலும் ஏழு மணி வாக்கில் வெயில் விழுந்தது. பார்த்தவர்கள் எல்லாரும், ரோட்டோரத்தில்தான் வெயிலும் இருக்கிறதே, பிறகென்ன என்றார்கள். எனக்கு அங்கேதான் பிடி கிடைத்தது. சூரியன் கிழக்கே உதிக்கும் என்று நாலாம் ஆண்டில் படிப்பிக்கிறோம். வருஷத்தில் இரண்டே நாள்தான் அது சரி. ஆனி மாதம் வடக்கே தள்ளி உதிக்கும், மார்கழியில் தெற்கே தள்ளி உதிக்கும். பூமி சாய்ந்தபடியே சூரியனைச் சுற்றுவதால் வருகிற வித்தியாசம் அது. ஆகஸ்ட்டில் இன்னும் வடக்குப் பக்கமாக உதிக்கிற சூரியன் ரோட்டோரத் துண்டுக்குத் தாராளமாக வெயில் கொடுக்கும். மார்கழியில் அது ஒன்பதாம் நம்பர் மலைக்குப் பின்னால் போய்விடும். அம்மாவுக்கு இழுப்பு வருவதோ மார்கழியிலும் தையிலும்.

இதைச் சும்மா சொன்னால் அப்பா கேட்கமாட்டார். கணக்காகக் காட்ட வேண்டும் என்று கிளம்பினேன். முதலில் உண்மையான கிழக்கு எது என்று தெரிய வேண்டும். ஒரு தடியைத் தரையில் செங்குத்தாக நட்டு, காலையில் நிழல் நுனியைக் குறித்து, பின்னேரம் நிழல் அதே நீளத்துக்கு வரும்போது மறுபடி குறித்து, இரண்டு குறிகளையும் கோடிட்டுச் சேர்த்தால் கிழக்கு மேற்கு கிடைத்துவிடும். பாடப்புத்தகத்தில் நாலு வரி. எங்கள் ஊரில் காலை நிழல் கிடைத்த நாளில் பின்னேரம் மூடுபனி வந்தது, பின்னேரம் வெளித்த நாளில் காலையெல்லாம் தூறியது. ஒரு கோடு போட ஒன்பது நாள் பிடித்தது. அந்த ஒன்பது நாளும் லயத்துச் சனம் என்னையும் தடியையும் பார்த்துக்கொண்டு போனது. "டீச்சரம்மா பயிர் வச்சிருக்காங்க, இன்னும் மொளைக்கல" என்று ஒருவர் சொன்னது என் காதிலேயே விழுந்தது.

கிழக்கு கிடைத்ததும் மிச்சம் சுலபம். டிசம்பர் கடைசி வாக்கில் சூரியன் அந்தக் கோட்டிலிருந்து இருபத்து மூன்றரைப் பாகை தெற்கே தள்ளி உதிக்கும். பாகைமானியில் நூல் கட்டி, நூலில் பாரத்துக்கு ஓர் இரும்புச் சுரையைத் தொங்கவிட்டு, அந்தத் திசையில் மலை எவ்வளவு உயரம் என்று இரண்டு துண்டிலிருந்தும் பார்த்தேன். ரோட்டோரத்திலிருந்து முப்பத்தாறு பாகை. மேல் துண்டிலிருந்து பத்துப் பாகை மட்டும். அங்கே மலைத்தொடர் பள்ளமாக இறங்கி வழிவிட்டிருந்தது. அந்தக் காலத்தில் சூரியன் ஒரு பாகை ஏற ஏறக்குறைய நாலரை நிமிடம் எடுக்கும். கலண்டரில் போட்டிருந்த உதய நேரத்தோடு கூட்டினால், மேல் துண்டுக்கு வெயில் ஏழு முப்பத்திரண்டுக்கு வரும், ரோட்டோரத்துக்கு ஒன்பதரைக்கு வரும். அப்போது நாட்டின் கடிகாரத்தையே அரை மணி முன்னுக்கு வைத்திருந்தார்கள், அதையும் சேர்த்துத்தான்.

அன்று பொழுதுபட்டதும் குப்பி விளக்கைச் சூரியனாக வைத்து, ஒரு தோடம்பழத்தைப் பூமியாக்கி, அதில் பென்சிலைக் குத்திச் சாய்த்துப் பிடித்து, விளக்கைச் சுற்றி வந்து அப்பாவுக்குக் காட்டினேன். அப்பா கவ்வாத்து வெட்டுகிறவர், அதாவது தேயிலைச் செடியைக் கத்தரித்துவிடுகிறவர். கையில் கத்தி இல்லாதபோதும் எதையும் வெட்டித்தான் பேசுவார்.

"ஜனவரியிலதான் பூமி சூரியனுக்கு ரொம்பக் கிட்ட வருதுன்னு நீதானே அன்னைக்குச் சொன்ன. கிட்ட வந்தா ஏன் பல்லு கிட்டுது?"

"கிட்ட வர்றது கொஞ்சந்தாம்பா. அதுல ஒன்னும் இல்ல. சாய்வுதான் முக்கியம்."

"சாயட்டும், சுத்தட்டும். நூத்திப் பன்னெண்டு படி அரிசி மூட்டையத் தூக்கிக்கிட்டு ஏறப் போறது பூமி இல்ல, நானு."

விளக்கம் முடிந்ததும் அப்பா பென்சிலை இழுத்துப் போட்டுவிட்டுப் பூமியை உரித்துத் தின்றார்.

அம்மா அதுவரை ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அவ சொல்றது சரிதாங்க. மார்கழி தையில ஒம்போதாம் நம்பர்ல பத்து மணி வரைக்கும் செடியில பனி காயாது. இடுப்புல கட்டுற படங்கு நனஞ்சு, உள்ள சீலையெல்லாம் ஈரமாயிரும்."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. என் கணக்கில் ஒன்பதரை, அம்மாவின் அனுபவத்தில் பத்து. "பாத்தீங்களாப்பா, அம்மாவே சொல்றாங்க" என்று துள்ளினேன். அம்மா, "மேல ஏறத்தான் கொஞ்சம்..." என்று எதையோ தொடங்கினார். "பழகிரும்மா" என்று நான் முடித்துவிட்டேன். அம்மா என் கணக்குத் தாளை வாங்கி, எழுத்துத் தெரியாவிட்டாலும் கொஞ்ச நேரம் பார்த்தார். "இவ்வளவும் எனக்காகவா போட்ட?" என்று கேட்டார். மறுநாள் அப்பா கண்டாக்கையாவிடம் மேல் துண்டு என்று சொல்லிவிட்டு வந்தார். என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

வீடு எழும்ப ஒன்றரை வருஷம் ஆயிற்று. கல்லும் மண்ணும் அந்தப் படிகளில்தான் ஏறின, பெரும்பாலும் அப்பாவின் தோளில். இரண்டு அறை, நாலு சன்னல், தெற்குப் பார்த்த வாசல். வருஷக் கடைசி விடுமுறையில் குடிபோனோம். குடிபுகுந்த நாளும் அடுத்த சில நாட்களும் மழை. ஒரு வியாழக்கிழமை வானம் கழுவித் துடைத்தமாதிரி வெளித்தது.

அன்று நான் பொறுமையில்லாமல் இருந்தேன். அப்பாவும் அம்மாவும் பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்துக்கு, வழக்கம்போல இருட்டோடு இறங்கிப் போயிருந்தார்கள். நான் தேநீரோடு வாசலில் வாங்குப் பலகையைப் போட்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஏழு முப்பத்திரண்டு ஆயிற்று. ஒன்றுமில்லை. ஏழு முப்பத்தைந்துக்கு, நான் குறித்த அதே பள்ளத்திலிருந்து சூரியன் எட்டிப் பார்த்தது. முதலில் கூரைத் தகரம், பிறகு கதவு, பிறகு என் முகம், கை, மடி. பாகைமானியால் மூன்று நிமிடத்துக்குள் சொன்னது திறமை இல்லை, அதிர்ஷ்டம். ஆனால் அந்த நேரத்தில் அப்படித் தோன்றவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

எதிரே ஒன்பதாம் நம்பர் மலை முழுவதும் நிழலில் இருந்தது. கண் பழகியதும் அதில் ஆட்கள் தெரிந்தார்கள். கொழுந்து எடுக்கிற பெண்கள் வரிசையாக, இடுப்பளவு செடிக்குள் நின்றார்கள். இந்தத் தூரத்துக்கு முகம் தெரியாது. ஆனால் ஒருவர் சற்றைக்கு ஒருதரம் நிமிர்ந்து, நெஞ்சில் கை வைத்து நின்று, மறுபடி குனிந்தார். அம்மா எந்த நிரையில் நிற்பார் என்று எனக்குத் தெரியும்.

நான் எழுந்து நின்றேன். என் மேல் வெயில் சுள்ளென்று அடித்தது. சூரியன் எந்த நாளில் எந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்ட நான், அந்த நேரத்தில் அம்மா எங்கே இருப்பார் என்று ஒரு தடவையாவது கேட்கவில்லை. அம்மா பெரட்டுக்குப் போவதைப் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. தேநீரைக் குடிக்க முடியவில்லை. வாங்கை உள்ளே எடுத்துப் போட்டுவிட்டு, அடுப்படியில் போய் இருந்தேன்.

பின்னேரம் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு அம்மா வந்தார். மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். படிகளில் ஐந்து இடத்தில் நின்றார். அப்பா பின்னால் கூடையை வாங்கிச் சுமந்துகொண்டு, அவர் நிற்கும்போதெல்லாம் தானும் நின்று வந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அப்பா கூடையைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

அம்மா வாசலில் அப்படியே உட்கார்ந்தார். நான் கொடுத்த சுடுதண்ணீரைக் கையில் வைத்தபடி மூச்சு வருவதற்காகக் காத்திருந்தார். முதலில் கேட்டது இதுதான்:

"வெயில் வந்துச்சா?"

"வந்துச்சும்மா."

"நீ சொன்ன நேரத்துக்கா?"

"மூணு நிமிசம் பிந்திருச்சு."

அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். "மூணே நிமிசந்தானாம்" என்றார். முகமெல்லாம் சந்தோஷம்.

"நீங்க வீட்டுல இல்லாத நேரம்மா அது" என்றேன். "நான் அத யோசிக்கவே இல்ல."

"அதுக்கென்ன, ஞாயித்துக்கெழம இருப்பேன்ல" என்றார் அம்மா. அதைச் சொல்லி முடிக்க அவருக்கு மூன்று மூச்சு வேண்டியிருந்தது.