கிளாக்கர் பிடித்த மீன்

சிவகுருநாதன் திருகோணமலைக் கச்சேரிக்கு, அதாவது மாவட்ட அரசாங்கக் கந்தோருக்கு, கிளாக்கராக மாற்றலாகி வந்தது அறுபத்தேழாம் ஆண்டு. எங்கள் வீட்டுக்கு அடுத்த வளவைத்தான் வாடகைக்கு எடுத்தார். வந்த அன்றே அவருடைய மனைவி பூரணி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, என் மனைவி லைலாவிடம், "நீங்கள் மீன் பொரிக்கிறது எந்தப் பக்கம்?" என்று கேட்டார். நல்லூர்ச் சைவர்கள். முட்டைகூடத் தொடமாட்டார்கள். லைலா மறுநாளே அடுப்பைக் குசினியின் மற்றப் பக்கத்துக்கு மாற்றிவிட்டாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. என் வீட்டில் மீன் பொரிக்க அயல்வீட்டாரின் மூக்கை ஏன் கேட்கவேண்டும்? அப்படிப்பட்ட வீட்டு மனிதர் கடலடிக்கு மூழ்குகிற எங்கள் சுழியோடிக் கூட்டத்தில் வந்து சேருவார் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால், நான் வயிறு குலுங்கச் சிரித்திருப்பேன்.

கூட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. துறைமுகத்து வேலைத்தலத்தில் இயந்திரம் திருத்துகிற நான், இன்னும் இரண்டு பேர், எங்களுக்குத் தலைவராக, மூத்த அண்ணன்போல, ஜமால்தீன் காக்கா. வெள்ளைக்காரக் கப்பற்படை இங்கே இருந்த காலத்தில் காக்கா அவர்களுடைய சுழியோடிகளுக்குக் கயிறு பிடித்தவர். அவர்கள் போனபோது இரண்டு பழைய காற்றுச் சிலிண்டர்கள் அவரிடம் வந்து சேர்ந்தன. கழித்துப்போட்ட இயந்திரம் ஒன்றைத் தட்டிக்கொட்டி நான் காற்றடிக்கிற கொம்பிரசர் ஆக்கினேன். அது பெற்றோலை மாடு தண்ணீர் குடிப்பதுபோலக் குடித்தது.

அந்த நாட்களில் ஞாயிறு விடுமுறை இல்லை, வாரத்துக்கு ஒன்றாக வரும் பௌத்தப் புனித நாளான போயாவுக்குத்தான் கந்தோர்கள் மூடும். போயாவுக்குப் போயா கோணேசர் மலைக்குப் பின்பக்கம் படகில் போவோம். ஈட்டித் துப்பாக்கியால் கலவாயும் செம்பல்லியும் அடித்து விற்று, அடுத்த முறைக்குக் காற்று அடைப்போம். அதனால் காக்கா ஒரு சட்டம் வைத்திருந்தார். புதிதாக வருகிறவன் முதலில் மூச்சடக்கி இறங்கிச் சொந்தமாக ஒரு மீன் கொண்டுவர வேண்டும். பிறகுதான் அவன் முதுகில் சிலிண்டர் ஏறும். "மீன் இல்லையெண்டா காத்தும் இல்ல" என்பார். நானும் அப்படித்தான் சேர்ந்தேன்.

ஒரு மாலை நான் கிணற்றடியில் முகக்கண்ணாடியைக் கழுவிக்கொண்டிருந்தேன். கந்தோரால் வந்த சிவகுருநாதன் அதை வாங்கி முகத்தில் மாட்டி, வாளித் தண்ணீருக்குள் தலையை விட்டார்.

"முனாப், கடலுக்குள்ளயும் இப்பிடித் தெளிவாத் தெரியுமோ?" என்றார், நனைந்த தலையோடு.

"இதவிட நல்லாத் தெரியும், கிளாக்கர்."

அடுத்த போயாவுக்குப் படகில் இருந்தார். நீந்தக் கீரிமலைக் கேணியில் பழகியிருந்தார். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தபடி அவர் அசையாமல் மிதந்த மிதப்பில், ஆள் முடிந்துவிட்டார் என்று நினைத்துக் காக்கா துடுப்பால் இடித்துப் பார்த்தார். படகில் ஏறியதும் கதை, கதை, ஓயாத கதை. மீன்களின் பெயர் ஒன்றும் அவருக்குத் தெரியாது. கந்தோர் ஆட்களின் பெயர்களை வைத்துவிட்டார். உதடு தொங்கிய கலவாய் பெரிய துரை. பளபளத்த கிளிமீன் தட்டெழுத்துக்காரி. துரையை நாங்கள் ஈட்டியில் கோத்துக் கொண்டுவந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

துப்பாக்கியை அவர் தொடவே இல்லை.

"சாப்பிடாத ஒண்டை ஏன் காக்கா கொல்லவேணும்?"

"நீங்க திங்க வேணாம். விப்பம்."

"விக்கிறதுக்கும் கொல்லத்தானே வேணும்."

பெற்றோல் காசைத் தானே தருவதாக ஒருமுறை சொல்லிப் பார்த்தார். காக்காவுக்கு மூக்கின்மேல் கோபம். "இது என்ன, காத்து விக்கிற கடையா?" என்று எழும்பிய வேகத்தில் படகு ஆடியது. இரண்டு பேரும் பிடித்த பிடியை விடமாட்டார்கள். நடுவில் கிடந்து எரிச்சல்பட்டது நான்தான்.

இப்படியே இரண்டு பருவம் போனது. நாங்கள் அடியில் உலாவுவோம், அவர் மேலே மிதந்தபடி எங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பார். அறுபத்தெட்டு ஒக்ரோபரில், தை மாதம் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பவேண்டும் என்று கந்தோரில் அவருக்குச் சொல்லிவிட்டார்கள். ஊருக்கு மாற்றல் என்றால் மற்றவர்கள் தேங்காய் உடைப்பார்கள். இவர் முகம் செத்துப்போனது. வாடைக்காற்று தொடங்கினால் எங்கள் கடல் தேத்தண்ணீர் நிறமாகிவிடும், பிறகு சித்திரை வரை யாரும் இறங்க ஏலாது. மிஞ்சியது ஒரேயொரு போயா.

"ஒருக்கா, ஒரேயொருக்கா, கீழ இருந்து பாக்கவேணும்" என்று காக்காவிடம் கேட்டார். காக்கா கடலைப் பார்த்தபடி நங்கூரக் கயிற்றைச் சுருட்டினார். எனக்கு மனம் கேட்கவில்லை, ஆனாலும் சட்டத்தை மீறிப் பேச வாய் வரவில்லை.

அந்தக் கடைசிப் போயாவுக்கு அவர் ஒரு பன்பையோடு வந்தார். சாப்பாடு என்றார். கால்களுக்கு நடுவில் இறுக்கி வைத்துக்கொண்டார். போகிற வழியில் பை இரண்டுதரம் துள்ளியது. துள்ளிய போதெல்லாம் அவர் இருமினார். மலைக்குப் பின்னால் நங்கூரம் போட்டதும், பையோடு தண்ணீரில் குதித்தார்.

சிறிது நேரத்தில் மூச்சு வாங்க மேலே வந்தார். இரண்டு கையாலும் ஒரு மீனைக் கட்டிப்பிடித்திருந்தார். உயிரோடு, உடம்பில் ஒரு கீறலும் இல்லாமல்.

"காக்கா! பிடிச்சிட்டன்!"

காக்கா மீனை வாங்கிப் பார்த்தார். என்னிடம் நீட்டினார். நான் பார்த்தேன். விரால். கந்தளாய்க் குளத்தில் சேற்றுக்குள் கிடக்கிற சாமான்.

"எங்க புடிச்சீங்க, கிளாக்கர்?"

"கீழ... ஒரு கல்லுக்குக் கீழ."

நாங்கள் சிரித்த சிரிப்பில் படகு கவிழாதது அல்லாஹ்வின் கிருபை. நான் பலகையில் விழுந்து கிடந்தேன். "இது குளத்து மீன், ஐயா! உப்புத் தண்ணியில ஒரு நாளும் சீவிக்காது!" என்று ஒருவாறு சொல்லி முடித்தேன். அவர் படகின் விளிம்பைப் பிடித்தபடி குனிந்த தலை நிமிரவில்லை.

"எனக்கெப்பிடித் தெரியும்? பூரணி வாங்கித் தந்தது" என்றார்.

சிரிப்பு நின்றது.

"நான் சரியாச் சாப்பிடேல்லை, நித்திரையுமில்லை. ஏனெண்டு கேட்டாள், சொன்னனான். நேற்றுப் பின்னேரம் தனியச் சந்தைக்குப் போயிருக்கிறாள். நல்ல மீன் எண்டால் துடிக்குமாம். சந்தையில துடிச்சது இது ஒண்டுதானாம். முந்தானையால மூக்கைப் பொத்திக்கொண்டு வாங்கிவந்து, விடிய விடியச் சட்டிக்குள்ள தண்ணி விட்டு வச்சிருந்தவள்."

மீன்வாடைக்குப் பயந்து எங்கள் அடுப்பையே இடம் மாற்ற வைத்த பெண் அவர். அவர் மீன்சந்தைக்குள் நின்றதை நினைத்துப் பார்த்தேன்.

காக்கா குடிதண்ணீர் வாளியில் விராலை விட்டார். பிறகு சிலிண்டரைத் தூக்கினார்.

"இருவத்தாறு வரிசமாக் கடலுக்குப் போறன். கடலுக்குப் போ எண்டு எங்கட பொண்டாட்டிமார் ஒருத்தியாவது ஒரு நாள் சொன்னதா? திரும்புங்க, கிளாக்கர். முதுகக் காட்டுங்க."

அவரை நான்தான் கையைப் பிடித்துக் கீழே கொண்டுபோனேன். அன்று துப்பாக்கியைப் படகிலேயே விட்டுவிட்டேன். மணலில் மண்டியிட்டு இருந்தோம். வழக்கமாக எங்களைக் கண்டதும் சிதறி ஓடுகிற மீன்கள், கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாகக் கிட்ட வந்தன. ஒரு கலவாய் அவருடைய முகக்கண்ணாடிக்கு நேரே வந்து நின்று வாயைத் திறந்து மூடியது. பெரிய துரையேதான். அவர் இரண்டு கையையும் கூப்பினார். அத்தனை வருடம் அந்தக் கடலில் இறங்கிய நான், ஒரு மீனை அவ்வளவு கிட்டத்தில் உயிரோடு பார்த்தது அன்றுதான். பெருத்த சந்தோசமாக இருந்தது.

கரைக்கு வந்தபோது பூரணி குடை பிடித்தபடி மணலில் நின்றார். அதற்கு முன் ஒரு நாளும் அவர் அங்கே வந்ததில்லை. புருசன் முகத்தைப் பார்த்தாலே விசயம் விளங்கும். ஆனாலும் அவர் காக்காவிடம் திரும்பி, பயந்து பயந்து கேட்டார்.

"மீன் நல்லா இருந்ததோ?"

நான் விரால் கிடந்த வாளியை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். கிளாக்கர் வானத்தைப் பார்த்தார்.

"தங்கச்சி, இந்தக் கடல்ல இப்பிடி ஒரு மீன நாங்க ஒருத்தரும் இதுவரைக்கும் புடிச்சதே இல்ல" என்றார் காக்கா.

பூரணியின் முகம் மலர்ந்தது.

தை மாதம் அவர்கள் போகவில்லை. பதவி உயர்வோடு வந்த மாற்றலைக் கிளாக்கர் வேண்டாம் என்றுவிட்டார். பூரணிதான் அப்படிச் சொல்லச் சொன்னாராம். அதன்பிறகு அவரிடம் யாரும் மீன் கேட்டதில்லை. மூதூர்ப் படகுகள் கல்லிடுக்கில் விட்டுப்போன நங்கூரங்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துக் கொடுத்து, அந்தக் கூலியில் காற்றுக்குத் தன் பங்கைக் கட்டினார்.

விராலை நான் எங்கள் கிணற்றில் விட்டேன். அவர்கள் கிணறு கோடையில் உவர்க்கும், அதனால் பூரணி எங்களிடம்தான் தண்ணீர் அள்ளுவார். ஒரு நாள் வாளியை இறக்கியவர் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

"முனாப் அண்ணை, கிணத்துக்குள்ள ஒரு மீன் நிக்குது. அண்டைக்கு நான் வாங்கினதைப் போலவே இருக்கு."

"ஓம் தங்கச்சி, ஒரே சாதிதான்" என்றேன்.

அவர் வாளியை மீனில் படாமல் மெல்ல இழுத்து எடுத்தார். மறுநாள் காலை தண்ணீர் அள்ள வந்தபோது கையில் ஒரு பிடி சோறு கொண்டுவந்தார். அதைக் கிணற்றுக்குள் போட்டுவிட்டு, மீன் மேலே வரும்வரைக்கும் காத்துநின்றார்.