ஐந்தாவது தவளை

நான்காம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறைக்கு எங்கள் டீச்சர் ஒரு வேலை கொடுத்திருந்தார். அவரவர் ஊரில் இருக்கும் தவளை, தேரை வகைகளைக் கண்டுபிடித்து நோட்டில் எழுதி வர வேண்டும். சேந்தமங்கலத்துப் பக்கம் சித்திரை மாதத்தில் தவளை தேடச் சொன்னவர் நிச்சயம் வெளியூர்க்காரராகத்தான் இருந்திருப்பார். வெயிலில் காடெல்லாம் வெளுத்துக் கிடந்தது. கொல்லிமலையே கானலில் நனைந்து, கொடியில் போட்ட நீலச் சேலை மாதிரி லேசாக அசைந்துகொண்டிருந்தது.

அப்படியும் நான் நான்கு பிடித்துவிட்டேன். குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டு, நாம் குளிப்பதைக் கூச்சமில்லாமல் பார்க்கும் மரத்தவளை. அதற்கு விரல் நுனியில் வட்டப் பொட்டு உண்டு. துவைக்கிற கல்லுக்கு அடியில் தேரை; தோலெல்லாம் சொரசொரப்பு, தாவுவதற்குச் சோம்பல். மாட்டுத் தொட்டியில் தண்ணீரின் மேலேயே தத்தி ஓடும் சின்னது ஒன்று. கிணற்றடிச் சேற்றில் முதுகில் மஞ்சள் கோடு போட்ட பெரியது ஒன்று. என்னோடு படித்த ஒருத்தி தன்னிடம் ஐந்து இருப்பதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

வீட்டில் பெரியவர்களுக்கு வேறு கவலை. எங்கள் போர்வெல் வற்றிவிட்டது. புதிதாக ஒன்று போடுவது, அதிலும் தண்ணீர் வராவிட்டால் அப்பா போர் போடும் ரிக் வண்டியில் வேலைக்குச் சேர்ந்து வடநாட்டுக்குப் போய்விடுவது என்று முடிவாகியிருந்தது. இந்தப் பேச்சு எழுந்தாலே அம்மா எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவாள். பெரியப்பா தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கிறவரை அழைத்து வந்தார். அவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு எங்கள் மரவள்ளிக் காடு முழுக்க நடந்தார். தெற்கு மூலையில் வேப்பமரத்துக்குப் பக்கத்தில் தேங்காய் எழுந்து நின்றது. பெரியப்பா அங்கே ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசினார்.

மறுநாள் வடக்குக் காட்டில் மரவள்ளி பிடுங்கினார்கள். அப்பா கடப்பாரையால் நெம்பியபோது ஒரு மண்கட்டி உடைந்து, உள்ளேயிருந்து உருண்டையாக ஏதோ விழுந்தது. கிழங்குத் துண்டு என்று நினைத்து எடுத்தேன். அது என் கையிலேயே மெல்ல உப்பியது. உப்பி உப்பி முழு உருண்டையாகி, துளியூண்டு மூஞ்சியை உள்ளே இழுத்துக்கொண்டு, தூக்கம் கலைந்த கோபத்தோடு என்னைப் பார்த்தது. பழுப்பு உடம்பில் மஞ்சள் திட்டுகள். கால் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. ஐந்தாவது தவளை. அவ்வளவு வெயிலிலும் அது குளிர்ந்திருந்தது.

அப்பாவின் கையில் வைத்தேன்.

"சில்லுன்னு இருக்குதே சாமி," என்றார்.

"தவளைக்குத் தண்ணி இல்லாம ஆகாதுங்கப்பா. புஸ்தகத்துலயே போட்டிருக்குது. அப்பக் கீழ தண்ணி இருக்கோணுமில்லீங்க?"

அப்பா சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. தவளையைப் பார்த்தார், அது விழுந்த குழியைப் பார்த்தார். குனிந்து அந்த மண்ணை ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோனார். கடைசியில் கடப்பாரையை அந்த இடத்திலேயே ஊன்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

இரண்டு நாள் கழித்து ரிக் வண்டி வந்தது. பெரியப்பா வேப்பமரத்தைக் காட்டினார். அப்பா கடப்பாரையைக் காட்டினார். காடு அப்பாவுடையது என்பதால் வண்டி வடக்கே போய் நின்றது.

பிறகு நடந்ததெல்லாம் எனக்குக் கனவு போலத்தான் நினைவிருக்கிறது. சத்தம் எவ்வளவு பெரிதென்றால், கொஞ்ச நேரத்தில் சத்தமே இல்லாதது போல் ஆகிவிட்டது. எல்லாருடைய வாயும் அசைந்தது, ஒரு சொல்லும் கேட்கவில்லை. குழியிலிருந்து வெள்ளைத் தூள் புகையாக எழுந்து, பிடுங்காமல் விட்ட மரவள்ளி இலை மேலும் மாடுகள் மேலும் இறங்கியது. அம்மா கற்பூரத் தட்டோடு நின்றாள். அவள் புருவமும் வெள்ளை. நான் தவளையை ஒரு வாளித் தண்ணீரில் விட்டு வைத்திருந்தேன். அதற்குத் தண்ணீரே பிடிக்கவில்லை. தவித்துக்கொண்டு வாளியின் ஓரத்தையே பிறாண்டியது. பாவமாக இருந்ததால் உழுத மண்ணில் எடுத்து விட்டேன். பின்னங்காலால் மண்ணை ஒதுக்கிக்கொண்டு, உட்கார்ந்த வாக்கிலேயே திரும்பித் திரும்பிக் கீழே இறங்கியது. கடைசியில் கண்கள் மட்டும் தெரிந்தன. அவற்றின் மேலும் மண் மூடிக்கொண்டது. தண்ணீரை அழைத்துவரப் போகிறது என்று நான் முழுமனதாக நம்பினேன்.

உச்சிப் பொழுது சாய்ந்தபோது வண்டியை நிறுத்தினார்கள். டிரைவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "புகைதானுங்க வருது. இன்னும் ஓட்டியும் பிரயோசனமில்லீங்க."

பெரியப்பா நேராக அப்பாவிடம் வந்தார். "தேங்கா காட்டுன எடத்த உட்டுப்போட்டு இங்க போடச் சொன்னது யாருடா?"

"ஆரும் சொல்லலீங்கண்ணா. எனக்கேதான் தோணுச்சு."

நான் பக்கத்திலேயே நோட்டோடு நின்றுகொண்டிருந்தேன். "இல்லீங்க பெரியப்பா, நாந்தான்..." என்று ஆரம்பித்தேன். தூள் படிந்த அம்மாவின் கை வந்து என் வாயை மூடியது. பெரியப்பா வாய்க்கு வந்தபடி திட்டினார். அப்பா குனிந்த தலை நிமிராமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கண்டுபிடித்தது நான், பேர் வாங்கிக்கொள்வது அப்பாவா? தண்ணீர் கொஞ்சம் தாமதமாக வரும், வந்ததும் ஊரே அவரைத்தான் புகழும் என்று நினைத்தேன். மூன்று நாள் அவரோடு பேசவில்லை. அந்த வகைத் தவளை பெய்த மழையின் ஈரத்தைத் தன் உடம்பிலேயே வைத்துக்கொண்டு, அடுத்த மழை வரும்வரை காய்ந்த மண்ணுக்குள் உறங்கும் என்பதையும், அதற்கும் நிலத்தடி நீருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதையும் நான் கல்லூரியில்தான் படித்தேன். படித்த அன்று விடுதியில் போர்வைக்குள் படுத்து அழுதேன்.

அந்தக் கோடையிலேயே, அப்பா வடநாட்டுக்குக் கிளம்பிய காலையில், அவர் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார். நான் நோட்டைக் கொண்டுபோய் ஐந்தாம் பக்கத்தை விரித்து அவர் முன்னால் வைத்தேன். உருண்டைத் தவளையின் படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன்: 'இது இருக்கும் இடத்தில் தண்ணீர் இருக்கும். கண்டுபிடித்தது நான். அப்பா இல்லை.'

அப்பா இரண்டு முறை படித்தார். என் தலையில் கை வைத்தார்.

"படம் நல்லா இருக்குது சாமி. பள்ளிக்கூடத்துல காட்டு. பெரியப்பாகிட்ட மட்டும் காட்ட வேண்டாம், என்ன?"

பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். "போயிட்டு வாரேன் சாமி" என்று வாசலிலிருந்து அவர் குரல் கொடுத்தபோதும் நான் எழுந்து போகவில்லை. உள்ளே உட்கார்ந்து, 'அப்பா இல்லை' என்ற வரிக்குக் கீழே ஸ்கேல் வைத்து இன்னொரு கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.