சீசருக்கு இரண்டு படம்

மாமா, அம்மாவின் தம்பி, போலீஸில் மோப்ப நாய்க்குப் பொறுப்பாளர். வீட்டுக்கு வரும்போது எங்களுக்குத் தின்பதற்கு ஏதாவது வாங்கி வருவாரோ மாட்டாரோ, சீசரைப் பற்றிப் பேசாமல் போகமாட்டார். சீசர் கறுப்பு டாபர்மேன். அது பிடித்துக் கொடுத்த திருடர்களின் எண்ணிக்கை, மாமா ஒவ்வொரு முறை வரும்போதும் இரண்டு கூடியிருக்கும்.

நான் நான்காம் வகுப்புப் படித்த வருஷம், குற்றாலத்தில் சீசன் கூட்டத்துக்காக மாமாவையும் சீசரையும் அருவிப் பக்கம் பணிக்குப் போட்டிருந்தார்கள். ஒரு நாள் மாமா தென்காசியில் இருந்த அப்பாவின் ஸ்டூடியோவுக்கு வந்தார்.

"அத்தான், இவன ரெண்டு படம் எடுத்துத் தாங்க. உக்காந்த மேனிக்கு ஒண்ணு, ஓடுத மேனிக்கு ஒண்ணு."

அப்பா கல்யாண வீடுகளில் படம் எடுக்கிறவர். "அதுக்கென்ன மாப்ள, கொஞ்சம் சிரிக்கச் சொல்லு, எடுத்துருவோம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா அதிகாரியிடம் சொல்லிவிட்டு சீசரைச் சுந்தரபாண்டியபுரத்துக்குக் கூட்டி வந்தார். சூரியகாந்தி முழுக்கப் பூத்திருந்த நேரம். அப்பாவும் நானும் பைக்கில் போய்ச் சேர்ந்தோம். அப்பா கேமராவை எடுத்ததும் ஈர வரப்பில் குப்புறப் படுத்துவிட்டார்.

"நாயோட கண்ணுக்கு நேரா நம்ம கண்ணு இருக்கணும். மேல இருந்து எடுத்தா பாவம்போலத் தெரியும்" என்று படுத்தபடியே எனக்கு விளக்கம் வேறு.

சீசர் கேமராவைப் பார்ப்பதாக இல்லை. மாமா நின்ற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. அப்பா நாக்கைச் சொடுக்கினார், பூனைபோலக் கத்தினார். கல்யாண மாப்பிள்ளைகளிடம் பலிக்கிற வித்தை ஒன்றும் இங்கே பலிக்கவில்லை. கடைசியில் மாமாவே வந்து அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்றார். சீசர் காதை விடைத்துக்கொண்டு நேராகப் பார்த்தது. முதல் படம் கிடைத்துவிட்டது.

ஓடுகிற படத்துக்குத்தான் பெரும்பாடாய்ப் போயிற்று. மாமா பந்தை எறிவார், சீசர் பாயும். பாதித் தூரத்தில் நின்று தரையை முகர்ந்துகொண்டு சுற்றும். பந்து நாலடி தள்ளிக் கிடப்பது எனக்கே தெரிந்தது. மூன்று தடவையும் இப்படித்தான்.

"அவனுக்கு வெளாட்டு புடிக்காது அத்தான். வேல குடுத்தாத்தான் ஓடுவான்" என்றார் மாமா, யார் முகத்தையும் பார்க்காமல்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. "நான் உள்ள போயி ஒளிஞ்சிக்கிடுதேன் மாமா. அவன் கண்டுபிடிக்கட்டும்."

அப்பா வேண்டாம் என்றார். மாமா கொஞ்ச நேரம் சீசரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் தலையிலிருந்த ரிப்பனை அவிழ்த்து வாங்கிக்கொண்டு, "ரொம்ப தூரம் போவாத, ஏட்டி" என்றார்.

நான் ரொம்ப தூரம் போனேன். செடிகள் என்னைவிட உயரம். ஓரிடத்தில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தால் எந்தப் பக்கமாக வந்தேன் என்று தெரியவில்லை. எல்லாப் பக்கமும் ஒரே தண்டும் இலையும்தான். சாரல் வேறு விழ ஆரம்பித்தது. சாரலில் வாசம் கரைந்து போய்விடுமே என்ற நினைப்பு வந்ததும் கத்த வாயெடுத்தேன். கத்தினால் தோற்றுப்போவேன் என்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

எவ்வளவு நேரமோ தெரியாது. இலைகள் சலசலத்தன. இரைக்கிற மூச்சுச் சத்தம் கேட்டது. ஒரு ஈர மூக்கு என் முழங்காலில் வந்து முட்டியது. நான் பெருங்குரலில் அழுதபடி சீசரின் கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டேன். அது என்னை இழுத்துக்கொண்டே வெளியே பாய்ந்தது. அந்த நொடியில் அப்பா எடுத்துவிட்டார்.

மாமா சேற்றில் மண்டிபோட்டார். என்னைத்தான் தேற்றப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சீசரைக் கட்டிக்கொண்டார். "பாத்தீங்களா அத்தான்? இந்தச் சாரல்லயும் கண்டுபிடிச்சிட்டாம்லா! மூக்குக்கு ஒண்ணும் ஆகல, பாத்தீங்களா?" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அப்பாதான் தன் துண்டால் என் தலையைத் துவட்டினார்.

திரும்பும் வழியில் டீக்கடையில் உட்கார்ந்து படங்களைப் பார்த்தோம். சீசர் உட்கார்ந்திருந்த படம் அப்படி ஓர் அழகு. அப்பா அதைப் பெரிதாக்கிக் காட்டினார்.

"அப்பா, அவன் கண்ணுக்குள்ள மேகம் தெரியுது!"

இரண்டு கண்ணிலும் நடுவே வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது. அப்பா இன்னும் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். மாமா டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"அத அழிச்சிருங்க, அத்தான்."

கல்யாணத்தில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற மாப்பிள்ளையின் படத்தைக்கூட அழிக்க மனம் வராதவர் அப்பா. ஏன் என்று கேட்காமல் உடனே அழித்துவிட்டார். "நல்ல படம்லா அது!" என்று நான் அழுதேன். மாமா தன் பன்னைப் பிய்த்துப் பாதியைச் சீசருக்குக் கொடுத்தார்.

அந்த வாரக் கடைசியில் மாமாவே அதிகாரியிடம் போய்ச் சீசரின் கண்ணைப் பற்றிச் சொல்லி, டாக்டரிடமும் காட்டினார் என்பதும், சீசருக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள் என்பதும் ரொம்ப காலம் கழித்து அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். மாமா ஒரு வார்த்தை சொன்னதும் அப்பா அழித்துவிட்டார் அல்லவா? எங்கள் அப்பாவுக்குப் போலீஸ் என்றால் பயம் என்று மறுநாள் வகுப்பு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.